காசிச் செம்பு

மூன்று தரம் கங்கைத் தண்ணீர் வாயில் விட்டாகிவிட்டது. மார்க்கண்டர் போகிற பாடாகத் தெரியவில்லை.

முதல் தரம் விட்டது போன வியாழக்கிழமை காலை. அப்பாவுக்குச் சேடம் இழுக்கிறது, கடைசி மூச்சுத்தான் என்று மகன் பஞ்சலிங்கம் அயலுக்குள் சொல்லிவிட்டார். அரை மணித்தியாலத்துக்குள் சண்டிலிப்பாய் வீடு சனத்தால் நிறைந்தது. சாமியறைத் தட்டிலிருந்து காசிச் செம்பை இறக்கினார்கள். எண்பத்திரண்டாம் ஆண்டு தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, இடுப்பும் நாரியும் முறிய றெயிலில் இருந்து காசிக்குப் போன மார்க்கண்டர், தன் கடைசி நேரத்துக்கென்று வாங்கி வந்த செம்பு. அரைப் போத்தல் தண்ணீர் பிடிக்கும். மூடியை ஈயம் உருக்கி ஒட்டியிருந்தது. பஞ்சலிங்கம் குறட்டால் அதை நெம்பித் திறக்க, உறவுக்காரர் ஒவ்வொருவராக வந்து கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பதிகம் பாடினார்கள். சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் அழுதும் வைத்தார்கள். மத்தியானம் மார்க்கண்டர் கண்ணைத் திறந்து, “ஏன் இவ்வளவு சனம்?” என்று கேட்டார்.

வந்தவர்களுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மறுபடி இழுத்தது, மறுபடி செம்பு, மறுபடி பதிகம். ஞாயிற்றுக்கிழமையும் அதே கூத்து. மூன்றாம் தரம் வந்தவர்களில் பாதிப்பேர் படலைக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் நின்றார்கள்.

அங்கே நின்று கதைத்த கதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. காசித் தண்ணி விட்டும் சீவன் போகுதில்லையெண்டால் மனிசன் என்ன பாவம் செய்துதோ என்றார் ஒருவர். தம்பி செல்வநாயகத்தோடை வேலி வழக்குப் பேசி, அவன் செத்த வீட்டுக்கும் போகாதவரெல்லோ என்றார் இன்னொருவர். சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன, வாயா நோகும்? மார்க்கண்டருக்குத் தொண்ணூற்றொரு வயது. காலும் சலப்பையும் பார்வையும் போய்விட்டனவே தவிர, காதுக்கு ஒரு குறையும் இல்லை. யன்னலுக்கு வெளியே கதைத்ததெல்லாம் அவருக்கு வடிவாகக் கேட்டது.

அன்று பின்னேரம் மருமகள் குணலட்சுமி கரண்டியில் தண்ணீர் கொண்டுபோனபோது அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

“கங்கை என்னைத் தள்ளிப்போட்டாள், குணம். இனி எனக்கு என்ன தண்ணி.”

அதற்குப் பிறகு ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. இன்றைக்குப் புதன்கிழமை. ஆசுப்பத்திரியிலோ, இனி ஒன்றும் செய்ய ஏலாது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று இரண்டு கிழமைக்கு முன்னமே அனுப்பிவிட்டார்கள். சேலைன் ஏற்றவும் கையில் நரம்பு பிடிபடவில்லை.

குணலட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஏழு மாதமாக இந்த அறைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். பம்பேர்ஸ் மாற்ற வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், படுக்கைப்புண் துடைக்க வேண்டும், விரிப்புத் தோய்க்க வேண்டும். தோய்த்தது காய முதல் அடுத்தது நனைந்துவிடும். அவள் புருசன் பஞ்சலிங்கம் கெட்ட மனிசன் இல்லை. ஆனால் தகப்பனைத் தூக்கச் சொன்னால் கை நடுங்கும், புண்ணைக் கண்டால் வெளியே போய்விடுவார். இன்றைக்கும் கோயிலில் அருச்சனை செய்கிறேன் என்று போய்விட்டார். அவளுக்குக் கோபம் வரவும் இப்போதெல்லாம் சக்தி இல்லை. இந்த மனிசன் போனால் ஒரு நாள் முழுக்கப் படுத்து நித்திரை கொள்ளலாம் என்று நினைப்பாள். நினைத்ததற்காக வெட்கப்படுவாள். பிறகு வெட்கப்படவும் களைத்துப்போய் அப்படியே இருந்துவிடுவாள்.

அதெல்லாம் பரவாயில்லை. அவளைத் தின்றுகொண்டிருந்தது வேறொன்று. அந்தச் செம்பில் இருந்தது கங்கைத் தண்ணீர் இல்லை. கொடிகாமத்தில் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் கிணற்றுத் தண்ணீர். உலகத்திலேயே அது தெரிந்த ஒரே ஆள் குணலட்சுமி.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில், ஆமி முன்னேறி வருகிறதென்று வலிகாமத்துச் சனம் முழுக்க ஒன்றாக எழும்பி நடந்த நாட்களில் நடந்தது அது. பஞ்சலிங்கம் அப்போது வவுனியாவில் வேலை. பாதை பூட்டி அங்கால் நின்றுவிட்டார். மாமாவும் அவளும், நாலு வயது மகள் பிரசாந்தியும், சாமான் கட்டிய ஒரு சைக்கிளும்தான். செம்மணி வெளியில் சனம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. முன்னால் நாவற்குழிப் பாலம் ஒடுக்கம். பின்னால் இலட்சக் கணக்கில் ஆட்கள். கொண்டுவந்த போத்தல் எப்போதோ முடிந்துவிட்டது. றோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் பரந்து கிடந்தது, ஆனால் அத்தனையும் உப்புத் தண்ணீர். பிள்ளை அதைக் காட்டிக் காட்டி அழுதது. அழுதழுது சத்தமும் அடைத்துப்போயிற்று. “மாமா, அந்தச் செம்பைத் திறவுங்கோ” என்று குணலட்சுமி கேட்டாள்.

“விசரோ உனக்கு? அது சாகேக்கை வாயிலை விடுற தண்ணி. விடாய்க்குக் குடிக்கிற தண்ணியே?” என்றார் மார்க்கண்டர்.

சைக்கிளை அவளிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, முன்னால் ஆரிடமாவது தண்ணீர் இருக்கா பார்க்கிறேன் என்று சனத்துக்குள் நுழைந்து போனார். செம்பு துணிப்பையோடு சைக்கிள் காண்டிலில் தொங்கியது. குணலட்சுமி ஒரு நிமிடம்தான் யோசித்தாள். சைக்கிள் பையிலிருந்த ஸ்பானரை எடுத்து மூடியை நெம்பினாள். பிள்ளை குடித்தது. மூடியைத் திரும்ப அடித்து இறுக்கி, துணியால் சுற்றி, முன்பு தொங்கிய மாதிரியே தொங்கவிட்டாள். கன நேரத்துக்குப் பிறகு அவர் வெறுங்கையோடு வந்தபோது பிரசாந்தி அவளுடைய தோளில் நித்திரை. அவர் பிள்ளையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

கொடிகாமத்தில் வேதக்கோயில் மண்டபத்தில் இடம் கிடைத்தது. மாமா நிவாரண வரிசையில் நின்ற ஒரு நாள், அந்தக் கோயில் கிணற்றில் அள்ளிச் செம்பை நிரப்பினாள். மரத்தடியில் இருந்துகொண்டு ஓட்டைக் கேத்தில், சட்டியெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் கொடுத்து ஈயம் வைத்தாள். முதலில் பயத்தில்தான் சொல்லவில்லை. பிறகு பயம் போய்க் கறுவம் வந்தது. என் பிள்ளைக்கு இல்லையென்ற மனிசனுடைய வாய்க்குக் கிணற்றுத் தண்ணீர் காணும். வெள்ளிக்கு வெள்ளி அவர் அந்தச் செம்புக்குப் பூ வைத்துக் கும்பிடும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்தி இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று ஆர் கண்டது?

பத்து மணிபோல் நிமலினி மிஸி வந்தா. மானிப்பாயில் இருக்கிறா, ஓய்வுபெற்ற தாதி, வேதக்காரி. அறுபத்தாறு வயதிலும் ஸ்கூட்டியில் வந்து கிழமைக்கு மூன்று தரம் மருந்து கட்டிவிடுவா. புண்ணைத் துடைத்துக் கட்டி முடித்து, நோயாளியின் உதட்டை விரலால் விரித்துப் பார்த்தா. நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. கையைக் காட்டி குணலட்சுமியை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்தா.

“தண்ணி இறங்கினால் இன்னும் ஒரு கிழமை, பத்து நாள் இழுப்பார். இறங்காட்டி நாளைக்கோ நாளையிண்டைக்கோ முடிஞ்சிடும்,” என்றா. “நான் இருக்கிறதைச் சொல்லுறன், குணம். வற்புறுத்தாதையும். புரைக்கேறினால் பேந்து மூச்சுத் திணறிச் சாவார்.”

ஒரு கிழமை, பத்து நாள். குணலட்சுமி விரிப்புகளைத்தான் எண்ணினாள். பேசாமல் இருந்தால் நாளைக்கு முடிந்துவிடும். ஆரும் அவளை ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஏழு மாதம் பார்த்தவள் என்று புகழத்தான் செய்வார்கள். கதிரையில் இருந்தாள். அப்படியே இருந்தபடி முப்பது வருடமாக ஆருக்கும் சொல்லாததை மிஸிக்குச் சொல்லி முடித்தாள்.

நிமலினி மிஸி திடுக்கிடவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தா.

“நாற்பது வருசம் வார்ட்டிலை நிண்டனான். சாகிற ஆக்களின்ரை வாயிலை என்னென்ன தண்ணியெல்லாம் விட்டிருக்கிறன் தெரியுமோ? உங்கடை ஆக்கள் கங்கை கொண்டுவருவினம். றோமன் கத்தோலிக்கு ஆக்கள் மாதா கோயில் தண்ணி. புத்தளத்திலை வேலை செய்யேக்கை முஸ்லிம் சனம் மக்காவிலையிருந்து வந்த ஸம்ஸம் தண்ணியைச் சின்னப் போத்தல்லை ஒளிச்சுக் கொண்டுவந்து தருவினம். எங்கடை ஆக்களும் குறைஞ்சவையில்லை, ஒரு மனிசி யோர்தான் ஆத்துத் தண்ணியெண்டு ஒண்டைக் கொண்டுவந்தா, பாசி பிடிச்சுக் கிடந்தது. எல்லாத்தையும் நான் பஞ்சிலை நனைச்சு ஒரே மாதிரித்தான் வைச்சனான்.”

“உங்களுக்கு ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லையோ, மிஸி?”

“குடுக்கிற ஆளின்ரை கை நடுங்கும். அது எல்லாச் சமயத்திலையும் ஒண்டுதான்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டா. “ஒருக்கா மாதம் குறைஞ்சு ஒரு பிள்ளை பிறந்தது. தாய் வேதக்காரி. போதகர் வந்து சேர நேரமில்லை. நான்தான் கைகழுவுற பைப்பிலை பிடிச்சு நெத்தியிலை விட்டு ஞானஸ்நானம் குடுத்தனான். ஆண்டவர் ஏற்றிருப்பார். ஏற்கேல்லையெண்டால் எனக்கு அவரோடை ஒரு கதையும் இல்லை.”

“திங்கக்கிழமை பக்கத்து வீட்டு நிருஷனைக் கடைக்கு அனுப்பி வேறை காசிச் செம்பு ஒண்டு எடுப்பிச்சனான்,” என்றாள் குணலட்சுமி. “உண்மையான கங்கை அங்கை மேசையிலை கிடக்கு. அவர் வாய் திறக்கிறாரில்லை. கங்கை தனக்கு இல்லையாம்.”

“அப்ப சொல்லப் போறீரோ?”

“தெரியேல்லை.”

“ஆருக்காகச் சொல்லுறீர் எண்டதை யோசிச்சுப்போட்டுச் சொல்லும். உம்மடை பாரத்தை இறக்கிறதுக்கெண்டால் வேண்டாம். எனக்குச் சொன்னது காணும்.”

மிஸி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டா. பங்குனி வெய்யில் முற்றத்தில் நின்றது. குணலட்சுமி பஞ்சை நனைத்துக்கொண்டு கட்டிலடிக்குப் போனாள். உதட்டில் வைக்க முதலே மார்க்கண்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.

“வீண் வேலை பாக்காதை, பிள்ளை. போய்ப் படு. நீயும் களைச்சுப்போனாய்.”

அந்தக் கடைசிச் சொல் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏழு மாதத்தில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

“அப்பிடி என்ன பாவம் செய்துபோட்டியள், மாமா? சனம் சொல்லுற அந்த வேலி வழக்கோ?”

“வேலியோ?” காய்ந்த தொண்டையிலும் அவருக்குக் கொஞ்சம் சூடு ஏறியது. “வேலி அவன்ரை பிழை. எங்கை வேணுமெண்டாலும் வந்து சொல்லுவன்.”

“பின்னை?”

 அவருடைய மூச்சு கரகரவென்று போய் வந்தது.

“செம்மணி றோட்டிலை பிள்ளை தண்ணி கேட்டவள்,” என்றார். “காண்டில்லை தண்ணி தொங்கினது. நீயும் கேட்டனி. நான் இல்லையெண்டனான். நாலு வயதுப் பிள்ளை, குணம். திரும்பி வந்து பாக்கிறன், அழுது களைச்சு அப்பிடியே நித்திரையாப் போனாள். நான் செத்தால் எனக்கு வேணுமெண்டு வைச்சிருந்த தண்ணி. அது எப்பிடி எனக்கு இறங்கும்? கங்கைக்கு மனச்சாட்சி இல்லையோ?”

குணலட்சுமி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அதை அன்றைக்கே மறந்துவிட்டார் என்றுதான் முப்பது வருடமாக நம்பியிருந்தாள். மறந்துவிட்டார் என்பதற்காகவே அதிகம் வெறுத்தாள். பிரசாந்தி பள்ளிக்கூடம் போன பன்னிரண்டு வருடமும் காலையில் அவளுடைய தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுத்தது மார்க்கண்டர்தான். மத்தியானம் சைக்கிளில் போய் இன்னொரு போத்தல் கொடுத்துவிட்டு வருவார். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று அவள் நினைத்திருந்தாள். ஐயோ, இந்த மனிசன் இவ்வளவு காலமும் இதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. ஒரு சொல்லில் இறக்கிவிட்டிருக்கலாம். அந்த ஒரு சொல்லை வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருந்தது அவள்தான்.

“மாமா, இஞ்சை திரும்புங்கோ.”

அவர் திரும்பவில்லை.

“பிள்ளை குடிச்சவள்.”

மூச்சின் கரகரப்பு ஒரு கணம் நின்று தொடர்ந்தது.

“நீங்கள் முன்னுக்குத் தண்ணி தேடிப் போகேக்கை நான் ஸ்பானராலை மூடியை உடைச்சுக் குடுத்திட்டன். குடிச்சுப்போட்டுத்தான் நித்திரை கொண்டவள். பிறகு கொடிகாமத்திலை வேதக்கோயில் கிணத்திலை அள்ளி நிரப்பி, ஈயம் ஒட்டி வைச்சனான். இவை உங்களுக்கு மூண்டு தரம் விட்டது அந்தக் கிணத்துத் தண்ணி. கங்கை உங்களைத் தள்ளேல்லை. கங்கை உங்கடை வாய்க்குக் கிட்டவும் வரேல்லை. நான் உங்களிலை கோவத்திலை சொல்லாமல் இருந்திட்டன்.”

சொல்லி முடித்துவிட்டுக் கட்டிலோரத்தில் இருந்தாள். ஏசட்டும், சபிக்கட்டும், மகனிடம் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்க்கண்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். பார்வை இல்லாத கண் அவளுடைய பக்கமாக அலைந்தது.

“முப்பது வருசமாய் என்னைக் கிணத்துத் தண்ணிக்குப் பூ வைக்க விட்டனியோ?”

“ஓம், மாமா.”

“கள்ளி,” என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே ஆரோ பஞ்சலிங்கத்தைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராததால் திரும்பிப் போனார்கள்.

“முழுக்கவோ குடிச்சவள்?”

“முழுக்க. கவிட்டுப் பிடிச்சுக் குடிச்சவள். ஒரு சொட்டும் மிச்சம் வைக்கேல்லை.”

“என்ன சொன்னவள்?”

குணலட்சுமி நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. “செம்பு மணக்குது, துப்பட்டோ எண்டு கேட்டவள். வாயை மூடிக்கொண்டு குடியடி எண்டு ஏசினனான்.”

அவருடைய நெஞ்சு குலுங்கியது. மூச்சு முட்டுகிறதாக்கும் என்று அவள் பதறி எழும்பினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத, பல்லில்லாத சிரிப்பு. இரண்டு கண்ணோரமும் ஈரமாகியது. அந்த உடம்பில் கண்ணீருக்கு இன்னும் தண்ணீர் மிச்சமிருந்தது அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

“அப்ப பிள்ளை விடாயோடை கிடக்கேல்லை,” என்றார்.

“இல்லை, மாமா.”

அவர் கண்ணை மூடினார். குணலட்சுமி குனிந்து அவருடைய மூச்சைக் கேட்டாள். இப்படியே போய்விடுவாரோ என்று பார்த்தாள். போனாலும் நல்லதுதான், மனம் ஆறித்தான் போகிறார், நாளைக்கு இந்த நேரம் தான் படுத்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அவ்வளவு களைப்பு.

“பிள்ளை,” என்றார் மார்க்கண்டர், “எனக்கு விடாய்க்குது.”

மேசையில் நிருஷன் வாங்கிவந்த புதுச் செம்பு ஈயம் உடையாமல் இருந்தது. பக்கத்தில் அவள் குடிக்கிற பிளாஸ்டிக் போத்தல்.

“கங்கை கிடக்கு, மாமா. உண்மையான கங்கை. உடைக்கட்டோ?”

“ஆர் உந்தச் செம்பை உடைச்சுக்கொண்டிருக்கிறது. கையிலை கிடக்கிறதைத் தா, கெதியா.”

குணலட்சுமி கட்டிலில் ஏறி இருந்து, அவருடைய தலையைத் தூக்கித் தன் மடியில் சாய்த்தாள். போத்தலிலிருந்து ஒரு கரண்டி விட்டாள். அவர் வாய் தானாகவே திறந்தது. தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. புரைக்கேறவில்லை. அவர் உதட்டை நக்கிக்கொண்டு இன்னும் என்பதுபோல் நாடியை உயர்த்தினார்.

இன்னும் ஒரு கிழமை, பத்து நாள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். கிணற்றடியில் விரிப்புகள் ஊறிக் கிடந்தன, நாரி விண் விண் என்று வலித்தது. குணலட்சுமி அடுத்த கரண்டியை நிரப்பினாள்.